பெரிய ரிமோட் கார்களின் சக்கரப் பேரிங்: தண்ணீர், உப்பு, சுத்தியல்

பெரிய ரிமோட் கார்களைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் மோட்டாரைப் பற்றிப் பேசுவார்கள், பேட்டரியைப் பற்றிப் பேசுவார்கள், டயர் எங்கே மலிவு என்று கேட்பார்கள். சக்கரம் லேசாகச் சுற்றுவதற்காக இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் சக்கரப் பேரிங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அது போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அதற்குள் பேரிங் தான் உட்கார்ந்திருக்கும் ஹப்பைத் தின்றிருக்கும், தனக்குள் செருகிய ஆக்சில் தண்டில் தழும்பு போட்டிருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். ஹப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதாக இருந்தால் கார் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும்.

நான் சொல்வது நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு அளவுக் கார்களை. 2006-இல் 23 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு வந்த ஹெச்.பி.ஐ. பாஜா 5பி, 2015-இல் பேட்டரியில் ஓடும்படி வந்த டிராக்சஸ் எக்ஸ்-மேக்ஸ் போன்றவை. எட்டு கிலோவுக்குக் குறையாத எடை. சிலது பன்னிரண்டைத் தாண்டும். கைக்கு அடக்கமான சின்னக் கார்களில் பேரிங் மெல்லத் தேய்ந்து சாகும். இவற்றில் பெரும்பாலும் அடிபட்டோ துருப்பிடித்தோ சாகிறது.

ஏன் போயிற்று என்று கேட்டால் "ரொம்ப வேகம் சார்" என்பார்கள். வேகத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 17 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றுதான் சுற்றுகிறது. 10 மி.மீ. உள்விட்டம், 22 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிமன் கொண்ட 6900 எண் பேரிங், வளையங்களின் இடைவெளியை மூடும் ரப்பர் சீல் போட்ட வடிவிலேயே இருபதாயிரம் சுற்று அளவுக்குத் தாங்கக்கூடியது. எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் பொருள் வேகத்தால் சாகாது.

சுமை என்று வந்தால் கதை வேறு. அதே 6900 பேரிங்கில் குண்டு ஓடும் தடம் பள்ளம் விழாமல் தாங்கும் நிலைச்சுமை சுமார் 130 கிலோ. பத்து கிலோ கார் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, சஸ்பென்ஷன் அந்த வேகத்தைப் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் அடக்குகிறது என்றால், தரையில் சராசரியாக இருநூறு கிலோ அளவுக்கு விசை விழுகிறது. நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கினால் பங்கு போட்டுக்கொள்ளலாம். எத்தனை பேருடைய கார் அப்படி இறங்குகிறது? ஒற்றைச் சக்கரத்தில் சரிந்து இறங்கும்போது மொத்தமும் ஒரு ஹப்பில் விழுகிறது. அதுவும் நேராக விழாமல், பக்கவாட்டில் நெம்புகிறது. மெல்லிய வளையமுள்ள இந்த வகைப் பேரிங்குகளுக்குப் பக்கவாட்டுச் சுமை நிலைச்சுமையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பேரிங் தயாரிப்பாளர்கள் தரும் பொது அளவு. அதாவது முப்பது கிலோ சொச்சம். சறுக்கிக்கொண்டே போய் நடைபாதை விளிம்பில் மோதும் சக்கரம் அதை எளிதாகத் தாண்டிவிடும்.

அப்படி அடிபட்ட பேரிங் வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். கழற்றி, வெளிவளையத்தை இரண்டு விரலில் பிடித்து, உள்வளையத்தை இன்னொரு கை விரலால் லேசாக அழுத்தியபடி மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சீரான இடைவெளியில் ஏதோ படியில் விழுந்து ஏறுவது போல விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு குண்டும் தடத்தில் போட்ட பள்ளத்தில் உட்கார்ந்து எழுகிறது. இதற்குக் கிரீஸ் வைத்துப் பயனில்லை. தூக்கி எறிய வேண்டியதுதான்.

இனித் தண்ணீருக்கு வருவோம். என் மேசையில் நான் அதிகம் சண்டை போடுவது இதைப் பற்றித்தான். "வாட்டர்ப்ரூஃப் கார்தானே சார், குட்டையில் ஓட்டினால் என்ன?" என்கிறார்கள். தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டிருப்பது எலக்ட்ரானிக்ஸ். பேரிங்குக்கு அந்த வாக்குறுதியை யாரும் தரவில்லை. பேரிங்கின் ரப்பர் சீல் தெறிக்கும் நீரைத் தடுக்கும், புழுதியைத் தடுக்கும், மூழ்கினால் தடுக்காது. வெயிலில் ஓடிச் சூடான ஹப்பின் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அதைக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் சீலின் உதட்டைத் தாண்டி நீர் உள்ளே போகும். போன நீர் வெளியே வர வழியில்லை. படகு ஏற்றும் டிரெய்லர்களின் சக்கரப் பேரிங் இதே காரணத்தால்தான் பாழாகிறது.

ஓட்டி முடித்ததும் சூட்டோடு சூடாகக் குழாயடியில் கழுவுவதும் அதே தவறுதான். இதில் பைக் கழுவும் பிரஷர் வாட்டர் வேறு சேர்ந்துகொள்கிறது. அந்த விசையில் வரும் நீர் எந்தச் சீலையும் மதிக்காது. கார் ஆறட்டும். காய்ந்த மண்ணைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றியே தீர வேண்டுமென்றால் பூவாளி அளவுக்கு மேல் வேண்டாம், ஹப்பை நோக்கி வேண்டவே வேண்டாம்.

கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈ.சி.ஆர். பக்கம் மணலில் ஓட்டிவிட்டு ஞாயிறு இரவு அப்படியே வண்டி டிக்கியில் போட்டு, அடுத்த சனிக்கிழமைதான் மறுபடி எடுக்கிறார்கள். கடல்மணலில் இரண்டு விஷம்: உப்பும் குவார்ட்சும். குவார்ட்ஸ் துகள் பேரிங் எஃகை விடக் கடினமானது. தடத்தில் கீறல் போடும். அந்தக் கீறலில் உப்பு உட்கார்ந்து அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கும் பேரிங்கை வாங்கினால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பேரிங் செய்யப் பயன்படும் 440சி எஃகு மெதுவாகத் துருப்பிடிக்கும் எஃகு, அவ்வளவுதான். கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்கைப் பார்க்க நேரமில்லை என்றால் கடற்கரையில் ஓட்டாமல் இருப்பது செலவு குறைந்த வழி.

நனைந்த பிறகு டபிள்யூ.டி-40 அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஈரத்தை விரட்டும் திரவம். ஆக்சில், திருகு, சஸ்பென்ஷன் பின் போன்றவற்றின் வெளிப்புறத்தில் அடித்துத் துடைக்க நல்லது. குழாயைச் சீலுக்குள் செருகி அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். அடுத்த ஓட்டத்தில் பேரிங் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஓடும்.

நிலைமை எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி மேல் காரை வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஆடுவது ஹப் மொத்தமுமா, ஹப் அசையாமல் சக்கரம் மட்டுமா என்று கவனியுங்கள். ஹப்போடு சேர்ந்து ஆடினால் சஸ்பென்ஷனின் பால் ஜாயின்ட் மூட்டு அல்லது சஸ்பென்ஷன் பின் தேய்ந்திருக்கிறது. சக்கரம் மட்டும் ஆடினால் முதலில் நட்டை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் ஆடினால் பேரிங். அடுத்து, ஒரு கை விரலை ஹப் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத நறநறப்பு விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஈரம் புகுந்தும் தடம் கெடாத பேரிங்கைக் காப்பாற்றலாம். ரப்பர் சீலை உள்வளையத்தை ஒட்டிய விளிம்பில் மெல்லிய ஊசியால் நெம்பினால் வந்துவிடும். அதற்குள் இருக்கும் தகடு வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாகக் குழைந்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது, புதிது வாங்குங்கள். வெள்ளையாக இருப்பதை மண்ணெண்ணெயில் அலசி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் மறுபடி அலசி, நன்றாகக் காயவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள். கம்ப்ரஸர் காற்றில் பேரிங்கை விர்ரென்று சுற்றவிட்டு உலர்த்தும் வித்தையைச் சிலர் காட்டுவார்கள். கிரீஸ் இல்லாத பேரிங்கை அந்த வேகத்தில் சுற்றினால் தடம் கீறும். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து அவை தெறித்தால் கண் போகும்.

கிரீஸ் எவ்வளவு? மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் வைக்காதே என்று பொதுவாகச் சொல்வார்கள். அதிகம் வைத்தால் சூடேறும் என்பது வேகமாகச் சுற்றும் பேரிங்குகளுக்குப் பொருந்தும். நம்முடைய 2,500 சுற்றுக்கு அந்தக் கவலை குறைவு. சேற்றிலும் மழையிலும் ஓட்டுகிறவர்களுக்கு நான் பாதிக்கு மேலேயே வைத்துக் கொடுக்கிறேன். கிரீஸ் இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை. படகுகளுக்கென்று விற்கும் நீர் தாங்கும் கிரீஸ் சிறந்தது. எதை வைத்தாலும் பழைய கிரீஸை முழுதும் எடுத்துவிட்டு வையுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும்.

மாற்றுவதென்று முடிவான பிறகு காருக்கென்றே விற்கும் பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை. இந்தக் கார்களில் இருப்பவை பெரும்பாலும் தொழிற்சாலைகளில் பயன்படும் அதே எண்கள்தான். சென்னையில் பிராட்வேயைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே கிடைக்கும். வளையத்தின் மேல் எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் மூன்று அளவும் எடுங்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். உள்விட்டத்தை மட்டும் சொல்லி வாங்கினால் 6900-க்குப் பதில் 6000 வந்து சேரும். இரண்டிலும் துளை 10 மி.மீ., ஆனால் 6000-இன் வெளிவிட்டம் 26. எஸ்.கே.எஃப். நிறுவனம் 6900-ஐ 61900 என்று எழுதும், அளவு ஒன்றுதான். சீல் விஷயத்தில் இசட்.இசட். என்றால் இரு பக்கமும் தகரம், 2ஆர்.எஸ். என்றால் இரு பக்கமும் ரப்பர். என்.எஸ்.கே. பேரிங்கில் டி.டி.யு., என்.டி.என். பேரிங்கில் எல்.எல்.யு. என்று இருப்பதும் ரப்பர்தான், திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சக்கரத்துக்கு ரப்பர் மட்டும். தகர மூடி புழுதியை வரவேற்று உட்காரவைக்கும். போலிப் பேரிங் சந்தையில் தாராளமாக உலவுகிறது, ஆகவே பெயர் பெற்ற முத்திரை பாதி விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

செராமிக் பேரிங் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பத்து கிலோ காரின் சக்கரத்துக்கு அது வீண் செலவு. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் குண்டு மட்டும்தான் செராமிக், வளையம் எஃகு. துருப்பிடிப்பதும் பள்ளம் விழுவதும் அந்த வளையத்தில்தான். அந்தக் காசில் நான்கு சக்கரத்துக்கும் சாதாரணப் பேரிங்கை இரண்டு மூன்று முறை மாற்றலாம்.

பேரிங்கை ஏற்றும்போது நடக்கும் கொலைகள் தனி ரகம். ஹப்புக்குள் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். தள்ளும் விசையும் அதன் மேல்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் போடும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து காரைப் போடும் சேதத்தை மேசையிலேயே செய்து முடித்துவிடலாம். வெளிவளையத்தின் விட்டத்துக்குச் சற்றுக் குறைவான சாக்கெட் ஒன்றை எடுத்து வைத்து, வைஸில் மெதுவாக அழுத்துங்கள். பழையதைக் கழற்றும்போது பெரும்பாலும் உள்வளையத்தைத் தட்டியே எடுக்க நேரும். அப்படி எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள்.

அலுமினிய ஹப் என்றால் சூடு பாதி வேலையைச் செய்துவிடும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹப்பை மட்டும் ஹீட் கன்னால் 80 டிகிரி கூட்டினால் 22 மி.மீ. துளை 0.04 மி.மீ. பெரிதாகும். பேரிங்கை உறையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்தால் அது 0.01 மி.மீ. சுருங்கியிருக்கும். பெரும்பாலான ஹப்களில் கையாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக் ஹப்பில் ஹீட் கன் கூடாது, வெந்நீர் போதும்.

புதுப் பேரிங் துளையில் தொளதொளவென்று இருந்தால் பழையது உள்ளே சுற்றித் துளையை அரித்திருக்கிறது. பட்டறைகளில் துளையைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்கிக் கொடுப்பார்கள். அது சில ஓட்டத்துக்குத் தாங்கும், பேரிங் கோணலாகவும் உட்காரும். இடைவெளி மிகக் குறைவென்றால் பேரிங் பிடிப்பதற்கென்று விற்கும் பசை உதவும். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி என்றால் ஹப்பையே மாற்றுங்கள்.

பல கார்களில் ஒரு ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகளும் அவற்றின் உள்வளையங்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய் ஸ்பேசரும் இருக்கும். நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தம் அந்த ஸ்பேசர் வழியாகப் போக வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, குண்டுகள் தடத்தின் ஓரத்தில் ஏறி ஓடும். புதுப் பேரிங் இரண்டே ஓட்டத்தில் போய்விட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஸ்பேசரைத்தான்.

மாற்றி முடித்ததும் பத்து நிமிடம் மிதமாக ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். ஸ்பேசர் உள்ளே இல்லையென்றால் வீட்டில் வேலை பார்த்த மேசைக்கு அடியில் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் உருண்டு கிடக்கும்.