ரோல்பிளே: தமிழில் பாத்திரமேற்பு

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பேச்சையும் செயலையும் மாறிமாறி எழுதி, பலர் சேர்ந்து இணையத்தில் வளர்க்கும் கதையை ரோல்பிளே என்கிறார்கள். சுருக்கமாக ஆர்.பி.

'ரோல்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் மூலமான 'ரோட்டுலஸ்' லத்தீனில் சுருளைக் குறிக்கும். அந்தக் கால நடிகருக்கு முழு நாடகப் பிரதி கிடைக்காது. அவருடைய வசனம் மட்டும் எழுதிய தாள்சுருள்தான் தரப்படும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நடிகர் எட்வர்ட் அலெய்ன் வைத்திருந்த சுருள் ஒன்று டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அவர் பேசவேண்டிய வரிகளுக்கு முன்னால், எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும் ஓரிரு சொற்கள் மட்டும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவை காதில் விழுந்ததும் இவர் தொடங்கவேண்டும். கிட்டத்தட்ட அந்தாதிதான்.

1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டு, பாத்திரமாகவே மாறி ஆடும் முறையைப் பரப்பியது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், பலர் சேர்ந்து எழுத்து வழியாக ஆடும் 'மட்' என்ற கணினி விளையாட்டு உருவானது.

ரோல்பிளேக்குத் தமிழில் 'வேடமேற்றல்' பொருந்தாது. வேடம் கண்ணுக்குத் தெரிவது. இங்கே எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. போதாக்குறைக்கு, வேடம் போடுகிறான் என்றால் ஏமாற்றுகிறான் என்றும் பொருள். 'பாகமேற்று நடித்தல்' வகுப்பறைக்குச் சரி. என் தேர்வு 'பாத்திரமேற்பு'. பாத்திரம் வடசொல்லாயிற்றே என்பவர்கள் 'கதைமாந்தரேற்பு' என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒருவர் தம் முறை வரும்போது எழுதும் பகுதிக்கு நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது: கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாடல்களில் புலவர் தம் குரலை விட்டுப் பாத்திரத்தின் வாயால் பேசுவதைத்தான் இது குறிக்கிறது. கதை ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் கூற்றின் கடைசி வரியில்தான். 'கதவைத் தள்ளினேன். உள்ளே யாரோ விளக்கை அணைத்தார்கள். "யாரது?" என்றேன்' என்று நிறுத்தினால் அடுத்தவர் உடனே எழுதலாம். 'என்னைக் கண்டதும் நீ அஞ்சி ஓடினாய்' என்று முடித்தால் அவருக்கு எழுத என்ன மிச்சம்? பிறர் பாத்திரத்தைத் தாமே ஆட்டிவைக்கும் இந்த வேலைக்குக் 'காட்மாடிங்' என்று பெயர். தமிழில் அத்துமீறல் என்றாலே போதும்.

பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, 'இரண்டு நாள் வர இயலாது' என்பதுபோல் அடைப்புக்குறிக்குள் சொல்வது ஓஓசி ('அவுட் ஆஃப் கேரக்டர்'). அதைப் புறக்கூற்று எனலாம். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் காணாமல் போனவருக்காகக் காத்திருந்தே பல கதைகள் பாதியில் நின்றுபோகின்றன.