பால்புதுமையர்: சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

ஆண், பெண் என்ற வழக்கமான பால், ஈர்ப்பு வரையறைகளுக்குள் அடங்காதவர்களைச் சுட்டும் 'குயர்' (queer) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? கல்லூரி விழாவுக்குப் பதாகை எழுதும் மாணவர்களுக்கு வரும் கேள்வி இது. பால்புதுமையர் என்று தயங்காமல் எழுதலாம்.

ஆங்கிலத்தில் குயர் என்றால் முதலில் விசித்திரமான, வழக்கத்துக்கு மாறான என்றுதான் பொருள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது தன்பாலீர்ப்புள்ள, அதாவது ஆண்களையே விரும்பும் ஆண்களை ஏசும் சொல்லாகிவிட்டது. 1990இல் நியூயார்க்கில் உருவான குயர் நேஷன் அமைப்பு அந்த வசவையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அதன்பிறகு பல்கலைக்கழக வகுப்பறைகளுக்கும் சொல் போய்ச்சேர்ந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். பால் + புதுமை + அர். பால் என்றால் பகுப்பு. அறத்துப்பாலில் இருப்பதும் ஆண்பாலில் இருப்பதும் ஒரே பால்தான். 'அர்' விகுதி ஆணா பெண்ணா என்று காட்டாது. மாணவர், ஆசிரியர் என்பதுபோல ஒருவரை மரியாதையாகவும் சுட்டும், பலரையும் சுட்டும். இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விகுதி கிடைக்காது. எனக்கு மிகப் பிடித்தது நடுவில் இருக்கும் புதுமை. புதியது என்பதோடு வியப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. கத்தோலிக்கர் அற்புதத்தைப் புதுமை என்றே சொல்வார்கள். குயரில் உள்ள விசித்திரம் இங்கே ஏச்சு இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் சொல்தான் புதிது, மனிதர்கள் புதியவர்கள் அல்லர். 'பெண்மை விட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால்' என்கிறது நன்னூல். ஆண், பெண் என்ற வழக்கத்துக்குள் அடங்காதவரைச் சுட்டும் பழைய சொல் பேடு; பெண்மை விட்டு ஆண்மையை அவாவினால், அதாவது விரும்பினால், ஆண்பால். ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால். மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே பால். அதே நூற்பா, அஃறிணைபோலவும் சொல்லலாம் என்று முடிவது இன்றைக்கும் உறுத்துகிறது. குறளிலோ 'பேடிகை ஒள்வாள்', அதாவது பேடியின் கையில் உள்ள வாள், கோழைத்தனத்துக்கு உவமையாகிவிட்டது. பழைய சொல் இருந்தும் புதுச்சொல் தேவைப்பட்டது இதனால்தான்.

ஓரினச்சேர்க்கையாளர் என்பதையும் விட்டுவிடலாம். அது ஒரு மனிதரை உடலுறவாக மட்டும் சுருக்குகிறது. தன்பாலீர்ப்பாளர் என்றால் அன்பும் ஈர்ப்பும் உள்ளே வந்துவிடும்.

2021இல், ஒருவரையொருவர் காதலித்து, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கை சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதுமுன் தானே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து தன்பாலீர்ப்பைப் பற்றிக் கேட்டறிந்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகையில் எழுதப்போகும் மாணவர்கள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், வீட்டிலோ விடுதியிலோ தம் பாலையோ ஈர்ப்பையோ சொல்ல முடியாமல் மனம் திணறும் மாணவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.