டீமன்: பேய் இல்லை, ஏவல்

அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வந்தால், அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மெய்லர் டீமன்' என்று நிற்கும். அதைப் பார்த்ததும் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் இன்றும் உண்டு. டீமன் என்றால் பேய்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆனால் இதில் ஓர் எழுத்து கூடுதல், பொருளும் வேறு.

யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்களின் உலகில் டீமன் என்பது யாரும் திரைமுன் உட்கார்ந்து இயக்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். வேலை வந்தால் செய்யும், வராவிட்டால் காத்துக் கிடக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எந்த டெர்மினலோடும் அதற்கு ஒட்டு உறவு கிடையாது. நீங்கள் லாக்அவுட் செய்துவிட்டுப் போனாலும் அது போகாது. எஸ்எஸ்எச்டி, கிரான்டி, சிஸ்டம்டி என்று பெயர்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'டி' இந்த டீமனின் முதலெழுத்துதான்.

மெயில் சர்வர் என்பதே டீமன்களின் கூட்டம். வீட்ஸ வெனமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் 'மாஸ்டர்' என்ற தலைமை டீமன் மற்றவற்றைத் தேவைக்கேற்ப எழுப்பும். 25ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், வரும் கடிதத்தை வாங்குவது எஸ்எம்டிபிடி. வடிகட்டல் சேர்த்த வழக்கமான அமைப்பில், வரிசையில் ஏறிய கடிதம் அடுத்து 10024ஆம் போர்ட்டில் காத்திருக்கும் வடிகட்டி டீமனான அமாவிஸ்டியிடம் போகும். அது கடிதத்தோடு வந்த கோப்புகளைப் பிரித்து, வைரஸ் இருக்கிறதா என்று வைரஸ் தேடும் டீமனான கிளாம்டியைக் கேட்கும். குப்பைக் கடிதத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசின் நிரலின் விதிகளை ஓட்டி மதிப்பெண்ணும் போடும். தேறிய கடிதம் 10025 வழியாகப் போஸ்ட்ஃபிக்ஸிடமே திரும்பி வரும்.

இந்த இடத்தில் பலர் ஸ்பாம்அசாசினின் டீமன் வடிவமான ஸ்பாம்டியையும் சேர்த்து ஓட விடுகிறார்கள். தேவையே இல்லை. அமாவிஸ், ஸ்பாம்அசாசினைப் பெர்ல் நிரல்மொழி நூலகமாகத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. கிளாம்டி விஷயம் வேறு. வைரஸ் அடையாளங்கள் முழுவதையும் அது நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 1 ஜிபி ரேம் மட்டுமே உள்ள மலிவு விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரில்) இடம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கர்னலே அதைக் கொன்றுவிடும், அப்புறம் கடிதங்கள் வரிசையில் தேங்கும்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த புராஜெக்ட் மேக் என்ற கணினி ஆய்வுத் திட்டத்தில், ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்தவர்கள் வைத்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் பூதம்தான் மூலம் என்று அந்தக் குழுவின் பெர்னாண்டோ கார்பட்டோ பிற்காலத்தில் சொன்னார். 1867இல் மேக்ஸ்வெல் ஒரு கற்பனைச் சோதனை சொன்னார்: இரு அறைகள், நடுவே சிறு கதவு, கதவருகே நுண்ணிய உயிர் ஒன்று. வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மந்தமானவற்றை மறுபக்கமும் அது ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு டீமன் என்று பெயர் சூட்டியவர் அவரல்ல, இன்னொரு இயற்பியலாளர் வில்லியம் தாம்சன். வாசலில் நின்று நல்ல கடிதத்தையும் குப்பையையும் பிரிக்கும் அமாவிஸ்டிக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைப்பது கடினம். டீமன் ஒரு சுருக்கப் பெயர் என்று சொல்லி 'டிஸ்க் அண்ட் எக்ஸிகியூஷன் மானிட்டர்' என விரிப்பார்கள், அது பின்னால் கட்டிய கதை.

அதற்கும் பின்னே கிரேக்கச் சொல் டைமோன். தெய்வத்துக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் ஆவி, நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தவறான செயலில் இறங்கப் போகும்போது தன்னைத் தடுக்கும் தெய்விகக் குரல் ஒன்று உண்டு என்று சாக்ரடீஸ் சொன்னது இந்த வகையில்தான். கிறித்தவம் பரவிய பிறகே சொல் முழுக்கத் தீய ஆவியாகச் சுருங்கியது.

தமிழில் என்ன சொல்லலாம்? பேய் ஒத்துவராது. 'பின்னணிச் செயலி' புரியும், ஆனால் பின்னணியில் ஓடுவதெல்லாம் டீமன் அல்லவே. கட்டளைக் கடைசியில் ஓர் உம்மைக்குறி (&) போட்டால் எந்த நிரலும் பின்னணிக்குப் போய்விடும். பூதம் நெருங்கி வருகிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் ஊரைக் காக்கும் பூதம்தான். பொய்ச் சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர், போலித் தவசிகள் போன்றவர்களை மட்டும் பாசக்கயிற்றால் பிடிக்கும். வடிகட்டும் டீமனுக்கு அசலாகப் பொருந்துகிறது, ஆனால் நேரம் பார்த்து வேலை நடத்தும் கிரான்டிக்குப் பொருந்தாது.

என் தேர்வு 'ஏவல்'. மந்திரவாதி ஏவிவிட்ட ஆவிக்கும் அதுதான் பெயர், சொன்ன வேலையைச் செய்பவரும் ஏவலாள்தான். கண்ணுக்குத் தெரியாமல் இட்ட வேலையைச் செய்வது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஏவலுக்குக் கட்டளை என்ற பொருளும் உண்டு என்பார்கள். கணினியில் அந்த இடத்தைக் 'கட்டளை' பிடித்துக்கொண்டதால் குழப்பம் வராது. பில்லி, சூனியம், ஏவல் என்று அடுக்கிப் பழகிய காதுக்குக் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். கிளாம்டி, எஸ்எம்டிபிடி போன்ற பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவது நல்லது, சர்வரின் பதிவேடான லாகில் தேட அவைதான் வேண்டும்.

ஆக, மெய்லர் டீமன் என்பது அஞ்சல் ஏவல். அந்த முகவரிக்குப் பதில் எழுதுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளின் அலியாஸ் கோப்பில் (எந்த முகவரிக்கு வந்த கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலில்) அது போஸ்ட்மாஸ்டருக்கும், போஸ்ட்மாஸ்டர் நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கும் திருப்பிவிடப்பட்டிருக்கும். ரூட்டின் பெட்டியை யாரும் திறப்பதில்லை என்பதால், அந்தக் கோப்பில் ரூட்டுக்கு நேரே ஒரு மனிதரின் முகவரியைப் போட்டு 'நியூஅலியாசஸ்' கட்டளையை ஓட்டிவிடுங்கள்.