எழுந்து நின்றுவிட்டால் போதுமா?

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி ஆனவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் என் வேலையில் பாதி. இங்கே எல்லோரும் அதை கன்கஷன் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் கிளினிக் தொலைபேசி ஓயாது. ஸ்லெட் என்கிற பனிச்சறுக்குப் பலகையிலிருந்து விழுந்தவர்கள், ஐஸ் ரிங்கில் பின்பக்கமாக விழுந்தவர்கள், புளூ மவுண்டனில் முதல்முறை ஸ்கீ மாட்டியவர்கள் என்று வரிசையாக வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு பஃபலோ பில்ஸ் ஆட்டம். காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை, அமெரிக்க ஃபுட்பால். அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் டொராண்டோவுக்கென்று அணி கிடையாது. எல்லையைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் பஃபலோ. அதனால் ஒன்டாரியோவில் எங்கள் கூட்டம் பெரிது. 1991 முதல் தொடர்ந்து நான்கு வருடம் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போய் நான்கிலும் தோற்ற அணி அது. அப்படியும் விட்டுப் போகாதவர்கள் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் திங்கட்கிழமை வேலையும் வேறு வேறு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். 2022 செப்டம்பர் 25 அன்று அந்த நினைப்பு போயிற்று.

அன்று பில்ஸ் மயாமியில் ஆடியது. எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா தள்ளப்பட்டு விழுந்தார், பின்தலை தரையில் மோதியது. எழுந்தார். தலையை உதறினார். நாலு எட்டு வைத்ததும் கால் பின்னிக்கொண்டது, சக ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிராளி வெளியே போகிறார், இனி ஆட்டம் நமக்குத்தான் என்று முதலில் எனக்குள் இருந்த ரசிகன்தான் துள்ளினான். அந்த நடையை மறுபடியும் காட்டியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அப்படி நடக்கும் ஒருவரை என் கிளினிக்கில் பார்த்தால் உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவேன். ஆனால் இடைவேளை முடிந்ததும் அவர் மறுபடி ஆட வந்தார். முதுகில்தான் அடி என்றார்கள். நான்கே நாள் கழித்து வியாழக்கிழமை சின்சினாட்டியில் இன்னொரு முறை தூக்கி அடிக்கப்பட்டு, விரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்து நிற்க, ஸ்ட்ரெச்சரில் போனார்.

அடுத்த மாதமே லீக் விதியை மாற்றியது. அடிபட்டபின் நடையிலோ பேச்சிலோ மூளை, நரம்பு சம்பந்தமான தடுமாற்றம் இருப்பதாக டாக்டர் கண்டால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. நல்ல விதி. 2024 செப்டம்பரில், அதுவும் எங்கள் பில்ஸோடு ஆடியபோது, அவருக்கு மறுபடியும் கன்கஷன் ஆனது. அந்த முறை அவரை உடனே வெளியே கொண்டுபோனார்கள், அடுத்த நான்கு ஆட்டங்களுக்கு அவர் வரவில்லை. அன்று அவரோடு மோதியவர் பில்ஸின் டமார் ஹாம்லின்.

ஹாம்லின் பெயரைச் சொன்னாலே பில்ஸ் ரசிகர்கள் ஒரு நொடி அமைதியாகிவிடுவார்கள். 2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. ஓடிவந்தவரைப் பிடித்துச் சாய்த்தார், எழுந்து நின்றார், இரண்டு மூன்று நொடியில் மல்லாக்க விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்து மீட்டார்கள். இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில், நொடியில் சிறு துளி நேரத்தில், நெஞ்சில் அடி விழுந்தால் இப்படி நடக்கும். இதயத்தில் எந்த நோயும் இருக்க வேண்டியதில்லை. ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டான பக் நெஞ்சில் பட்டும் நடக்கலாம். பிள்ளையை ஹாக்கிக்குக் கூட்டிப்போகிறவர்கள் அரீனாவுக்குள் நுழைந்ததும் நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவையுங்கள். சி.பி.ஆர். பழக ஒரு நாள் போதும். நான் வருடாவருடம் போகிறேன்.

டாகோவைலோவாவும் எழுந்து நின்றார், ஹாம்லினும் எழுந்து நின்றார். பிள்ளை விழுந்ததும் நாம் எல்லோரும் பார்ப்பது அதை ஒன்றைத்தான்: எழுந்துவிட்டானா?

சென்ற குளிர்காலம் ஒரு பையன் வந்தான். வயது பதின்மூன்று. (அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பூங்கா மேட்டில் ஸ்லெட்டில் தலை முன்னால் இருக்கும்படி குப்புறப் படுத்து இறங்கியிருக்கிறான். கீழே இன்னொரு ஸ்லெட்டோடு மோதி, தலை கட்டிப்போன பனியில் இடித்தது. ஹெல்மெட் இல்லை. எழுந்தான், பனியைத் தட்டிவிட்டான், "ஐ ஆம் ஓகே" என்று கையைக் காட்டினான். அதற்கப்புறம் மூன்று முறை மேலே ஏறிச் சறுக்கியிருக்கிறான். மூன்றாவது முறை மறுபடியும் விழுந்தான். என்னிடம் வந்தது மூன்று வாரம் கழித்து, கணக்குப் பரீட்சையில் எழுத்துகள் ஆடுகின்றன என்று பள்ளியில் சொன்ன பிறகு. "பிள்ளை எழும்பி ஓடித் திரிஞ்சவன், அதால நாங்கள் ஒண்டும் யோசிக்கேல்ல" என்றார் அவன் அம்மா. ஸ்னோ பேண்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு பேனாவை அவன் மூக்குக்கு நேரே கை நீளத்தில் பிடித்து, மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தேன். பேனா முனை இரண்டாகத் தெரிந்ததும் சொல்லச் சொன்னேன். சாதாரணமாக மூக்கை நெருங்கும்போதுதான் இரண்டாகும். இவனுக்கு ஒரு சாண் தூரத்திலேயே இரண்டாகிவிட்டது. வலது கண் மட்டும் மெல்ல வெளியே நழுவியது, எனக்கே தெரிந்தது. அப்புறம் தரையில் ஒட்டியிருந்த டேப்பின் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னேன். கண் திறந்திருந்தபோது நடந்தான். கண்ணை மூடியதும் இரண்டாவது எட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவன் மூன்று வாரம் பள்ளிக்கும் ஹாக்கிப் பயிற்சிக்கும் போய்வந்திருக்கிறான்.

அடிபட்ட மூளைதான் "எனக்கு ஒன்றுமில்லை" என்றும் சொல்கிறது. அதனால் அந்த வார்த்தையை நம்பி முடிவெடுக்கக்கூடாது. பிள்ளை பொய் சொல்வதில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது. என்.எஃப்.எல். இதைப் புரிந்துகொள்ள எத்தனையோ வருடம் ஆனது. இப்போது அரங்கத்தின் மேல்மாடியில் அடிபட்டவர்களைக் கண்டுபிடிக்க என்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015 முதல் அவர்கள் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லலாம். எந்த அணியையும் சேராத, தலைக்காயங்களில் தேர்ந்த மருத்துவர் ஓரத்தில் நிற்கிறார். பூங்கா மேட்டில் இவர்கள் யாரும் கிடையாது. தெர்மாஸில் டீயோடு கீழே நிற்கிற அம்மாவோ மாமாவோதான் அங்கே அந்த ஆள்.

தலையில் அடி விழுந்ததா, அன்றைக்குச் சறுக்கல் முடிந்தது. பிள்ளை அழட்டும், கோபப்படட்டும், ஸ்லெட்டைக் காரில் ஏற்றுங்கள். அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல், கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல் அல்லது பலவீனம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் அல்லது பதற்றம், எழுப்ப முடியாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே 911க்கு அழையுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். வலிக்கு டைலனால் (பாராசிட்டமால்) போதும். டாக்டர் பார்க்கும் வரை அட்வில் (இபுப்ரோஃபென்), ஆஸ்பிரின் வேண்டாம், உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அதிகமாக்கிவிடலாம். பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. டாக்டர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்னபின் தாராளமாகத் தூங்கட்டும்.

இவ்வளவு பயம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நடிகை நடாஷா ரிச்சர்ட்சனை நினைவுபடுத்துவேன். 2009 மார்ச்சில் கியூபெக்கில் மோன் டிரெம்பிளான் என்ற இடத்தில், ஆரம்ப நிலைச் சரிவில் ஸ்கீ பழகும்போது விழுந்தார். எழுந்தார், சிரித்துப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து சேரும்போது, முதலில் ஆள் தெளிவாகத்தான் இருப்பார். அந்தத் தெளிவுதான் சுற்றியிருப்பவர்களை ஏமாற்றுகிறது.

இரண்டாவது அடி இன்னும் மோசம். ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் என்ற பதினேழு வயதுப் பெண் 2013இல் ரக்பி ஆடும்போது, ஒரு வாரத்துக்குள் பலமுறை தலையில் அடிபட்டு இறந்துபோனாள். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கன்கஷனாக இருக்குமோ என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கே சந்தேகம் இருந்தது, ஆனால் தடுத்து நிறுத்தும் பொறுப்பு யாருக்கும் இல்லை. அவள் பெயரில் ஒன்டாரியோவில் 2018இல் ரோவன் சட்டம் வந்தது. கன்கஷன் சந்தேகம் வந்தால் வீரரை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்பச் சேர்க்கக்கூடாது. விளையாட்டுச் சங்கங்களுக்கான சட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை மேட்டில் அதை நடைமுறைப்படுத்த வேண்டியது வீட்டு ஆட்கள்தான்.

ஹெல்மெட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கட்டாயம் போடுங்கள், மண்டையோடு உடையாமல் காப்பாற்றும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்கும் ஹெல்மெட் இன்னும் வரவில்லை, ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் போடும் விலையுயர்ந்த ஹெல்மெட்டும் சேர்த்துத்தான். ஸ்லெட்டுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் ஹாக்கி ஹெல்மெட், ஸ்கீக்கு ஸ்கீ ஹெல்மெட். ஸ்கீ ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். ஸ்லெட்டில் உட்கார்ந்து, கால் முன்னால் இருக்கும்படி இறங்க வேண்டும். தொங்கும் ஸ்கார்ஃப் வேண்டாம், கழுத்தோடு ஒட்டும் நெக் வார்மர் போதும்.

உறைந்த ஏரியில் நடக்கவோ தனியாக ஸ்கேட் செய்யவோ ஐஸ் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கூட்டமாக விளையாட 20 என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். சாம்பல் நிறமாக இருந்தால் அதில் காலே வைக்காதீர்கள். அளக்கத் தெரியாதவர்கள், நானும்தான், ஆல்பர்ட் கேம்பல் சதுக்கம் மாதிரி நகராட்சி ரிங்குக்குப் போவது உத்தமம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் டிரைவ்வேயில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் நேரே எமர்ஜென்சி. காலை வரை பொறுக்க வேண்டாம்.

ஒரு ரசிகனாக லீக்கிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. 2021இல் பதினாறு ஆட்டத்தைப் பதினேழாக்கினார்கள், இப்போது பதினெட்டு என்று பேசுகிறார்கள். ஞாயிறு ஆடியவர்களை வியாழக்கிழமை மறுபடி ஆட வைக்கிறார்கள். கன்கஷன் ஆனவர் திரும்பி வர லீக்கே ஐந்து படி வைத்திருக்கும்போது, நடுவில் மூன்று நாள் மட்டும் விட்டால் யார் மேல் அழுத்தம் விழும்? எனக்கு இன்னொரு ஆட்டம் பார்க்கக் கிடைக்கும்தான். வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை உதைக்கும் கிக்-ஆஃபில் இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதை 2024இல் மாற்றினார்கள், அது ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. அந்த வழியில்தான் போக வேண்டும். ஓய்வுபெற்று பிள்ளை பெயரை மறக்கும் ஒருவருக்காகக் கைதட்டியவனாக நான் இருக்க விரும்பவில்லை.

அந்தப் பையனுக்கு முதலில் நான் கொடுத்தது நடை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது பழைய வைத்தியம். அடிபட்ட முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன், டிவி குறைவு, பிறகு அறிகுறி அதிகமாகாத அளவுக்கு நடை, அப்புறம் பள்ளி, அதற்குப் பிறகுதான் விளையாட்டு. தினமும் காலையில் நூல் கட்டிய மணிகளைப் பார்த்துக் கண்ணுக்குப் பயிற்சி செய்தான். நாலாவது வாரம் முழு நாள் பள்ளிக்குப் போனான், ஆறாவது வாரம் சைக்கிள் மெஷினில் வியர்க்க ஓட்டினான்.

கடைசியாகப் பார்த்தபோது பேனாவை மூக்குக்கு இரண்டு விரல்கடை தூரம் வரை கொண்டுபோனேன். "ஒண்டுதான் தெரியுது" என்றான். டேப்பில் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை நடந்தான், என் தோளைத் தேடவில்லை. ஹாக்கிக்கு எப்போது போகலாம் என்று கேட்டான். மோதல் இல்லாத பயிற்சி ஒன்று, டாக்டர் கையெழுத்துக்குப் பிறகு முழுப் பயிற்சி ஒன்று, இன்னும் இரண்டு படி இருக்கிறது என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரத்துக்கு நேரம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.