வீட்டு நாய்க்கு உரிமம், மைக்ரோசிப்: சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய்தான். நாயின் அடையாள எண் பதிந்து தோலுக்கு அடியில் போடும் மைக்ரோசிப்பையும் 2025-இல் கட்டாயமாக்கினார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து எடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் திரும்பி வர உதவுவதும் அதே சிப்தான்.

தொலைந்த நாயைப் பிடித்து வைத்திருக்கக் காப்பகங்களில் இடம் கிடையாது. கருத்தடை மையத்துக் கூண்டுகள் அறுவைக்கு வரும் தெருநாய்களுக்கானவை. அறுவை முடிந்த நாயைக் குறைந்தது 4 நாள் வைத்துப் பார்த்து, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். பிடித்து வந்த நாளையும் சேர்த்தால் ஒரு நாய்க்கு 5 நாள். தினம் 10 அறுவை நடக்கும் மையத்தில் 50 கூண்டுகள் எப்போதும் நிறைந்தே இருக்கும். தனியார் காப்பகங்களுக்கு வேறு சிக்கல். புதிதாக வரும் நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்று நோய் இருந்தால் மற்றவற்றுக்கும் பரவும் என்பதால் இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும். ஆளைக் கடித்த நாய் என்றால் 10 நாள் கண்காணிப்பு. 'இடமில்லை' என்று கையை விரிப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போவதும் அதே பிரிவில் குற்றம்தான். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சிப் உள்ள நாய் வந்தால் ஸ்கேன் செய்து, உரியவருக்குப் போன் போட்டு, அன்றே அனுப்பிவிடலாம். கூண்டே தேவைப்படாது. நாட்டு நாய் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கழுத்துப்பட்டை கழன்று விழுந்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெருநாய்தான்.

சிப் அரிசி மணி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். தடுப்பூசி ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. மயக்க மருந்து வேண்டாம். அதில் பேட்டரியும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்க்கலாம் என நினைத்துப் போடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஸ்கேனரை உடம்பை ஒட்டிக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் இருக்காது. அவை மாநகராட்சிப் பதிவில்தான் இருக்கும். அதனால் போன் எண்ணை மாற்றிவிட்டுப் பதிவில் திருத்தாமல் விட்டால் சிப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சிப் போட்டதும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லி, சிப்போடு வரும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசித் துளை மூடுவதற்குள் சிப் வெளியே வந்துவிடுவதும் உண்டு. ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, போட்டோ எடுத்து வையுங்கள். நாளடைவில் சிப் தோள் பக்கமோ கழுத்துப் பக்கமோ நகரலாம். அடுத்த ஆண்டு தடுப்பூசிக்குப் போகும்போது கழுத்திலிருந்து முன்னங்கால் வரை இரண்டு பக்கமும் ஸ்கேனரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் உள்ளன. தனியார் மருத்துவரிடமும் போடலாம், செலவு உங்களுடையது.

உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து உள்நுழைந்து, முகவரிச் சான்று, நாயின் படம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இடிப்பது தடுப்பூசிச் சான்றுதான். மருந்தின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. அதற்கு முன் சான்று கிடைக்காது. சரிபார்த்து முடித்த பிறகுதான் பணம் கட்டும் கட்டம் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் உரிமம் வராது.

பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தாம்பரம் மாநகராட்சி. ஆவடியும் தனி மாநகராட்சி. வீடு மாறினால் புது இடம் யார் எல்லையில் வருகிறது என்று பார்த்து அங்கே பதியுங்கள்.

நாய் தொலைந்துவிட்டால் சிப் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அழைத்துச் சொல்லுங்கள். பக்கத்துக் கருத்தடை மையத்துக்கும் காப்பகங்களுக்கும் படத்தோடு நேரில் போய், ஸ்கேன் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.