டி.சி. கேட்டு நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்

தலைமையாசிரியர் மேசை மேல் ஒரு குளிர்பான பாட்டில் இருக்கும். பாதி கோலா, மீதி சரக்கு, வகுப்பில் ஒரு பையனிடம் பிடிபட்டது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். நூறு நாள் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி வந்த அம்மா, கால் மண்ணைக்கூடத் தட்டாமல் ஓரமாக நிற்பார். "போலீசுக்குப் போனா பையன் வாழ்க்கையே போயிடும்மா. நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துடுங்க, நடத்தை நல்லதுன்னு போட்டுத் தர்றோம்" என்பார்கள். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்...' அம்மாவுக்கு எழுத வராதென்றால் பையனே எழுதுவான், அவர் கையெழுத்தை மட்டும் போடுவார்.

மனு எழுதிக் கொடுக்கப் போகிற இடங்களில் இந்தத் தாளைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஊர் மாறுகிறது, பள்ளி மாறுகிறது, குடும்பச் சூழ்நிலை மட்டும் மாறுவதே இல்லை. அதில் கையெழுத்து விழுந்தபின் உங்கள் பிள்ளையை யாரும் நீக்கவில்லை, நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-வது பிரிவுப்படி 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. குடித்தாலும்தான். 17-வது பிரிவுப்படி அடிக்கவோ, மன உளைச்சல் தரவோ கூடாது. அசெம்பிளியில் எல்லார் முன்னும் நிறுத்திப் பேசுவது இதில் வரும். 2022 மே மாதம் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர், ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணமும் டி.சி.யில் எழுதப்படும் என்று அறிவித்ததைச் சில பள்ளிகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அறிவிப்பு சட்டத்தைத் தாண்டிப் போகாது.

இனி ஓட்டைகள். முதலாவது, வகுப்பு. இப்படிப் பிடிபடுகிற பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள் அநேகமாக 9-ஆம் வகுப்பும் 11-ஆம் வகுப்பும்தான். அவர்களுக்கு இந்த 16-வது பிரிவு இல்லை. இந்த இரண்டு வகுப்புகளில் பள்ளி ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்று யோசித்தால் புரியும், அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. தேர்ச்சி விழுக்காட்டை இழுத்துவிடுவான் என்று சந்தேகப்படும் பையனை அனுப்ப ஒரு பாட்டில் வசதியான காரணம். எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஒரே வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, ஒரு ஆலோசகர்கூட இல்லாமல் திணறும் ஆசிரியர்களையும் தெரியும். ஆனால் முதல் பெஞ்சுப் பையன் பிடிபட்டால் எச்சரிக்கை, கடைசிப் பெஞ்சுப் பையன் பிடிபட்டால் டி.சி. என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பள்ளி யாருடையது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அங்கே 7-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் 16-வது பிரிவைக் காட்டிப் பேச முடியாது. சிறுபான்மை அந்தஸ்து உண்மையிலேயே இருக்கிறதா என்று சான்றைக் கேளுங்கள். பெயரில் ஒரு புனிதர் இருப்பதே சான்று ஆகிவிடாது.

9-ஆம் வகுப்புக்கு மேல் என்ன செய்வது? எழுத்தில் கேளுங்கள். என்ன குற்றச்சாட்டு, யார் பார்த்தார்கள், பிள்ளையிடம் விளக்கம் கேட்டார்களா, எந்த விதிப்படி நீக்கம், எல்லாம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு தாளில் வரட்டும். பெரும்பாலும் வராது. எழுதிக் கொடுத்தால் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் உங்களை எழுதச் சொல்கிறார்கள்.

போலீஸ் என்ற பேச்சுக்குப் பயந்துதான் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கவே கூடாது, இளைஞர் நீதிச் சட்டம் 2015 அதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. குடித்துவிட்டு வந்தான் என்பது கொடுங்குற்றமும் இல்லை. அந்தச் சட்டத்தின் விதிகளின்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ ஒழிய பிள்ளை மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, நிலைய நாட்குறிப்பில் எழுதிவைப்பதோடு சரி. நாளைக்கு வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும்போது போலீஸ் இதை எடுத்துச் சொல்லவும் கூடாது. ஆக, 'வாழ்க்கையே போயிடும்' என்பது மிரட்டல்தான். இப்படி வழக்கில் வந்த பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது 74-வது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ ஓடினால் அழுதுகொண்டு உட்காராமல், யார் போட்டது என்று தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிள்ளைக்குச் சரக்கு கொடுத்தவனைப் பற்றி அந்த அறையில் யாருமே கேட்பதில்லை, எனக்கு ஆகாதது இதுதான். குழந்தைக்கு மது கொடுத்தால் 77-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். வாங்கி வரச் சொல்லி அனுப்பினால் 78-வது பிரிவு, அதே தண்டனை. (அப்பாக்களே, "போய் ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வா" என்பதும் இதில்தான் வரும்.) படிக்க நன்றாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போனால்தான் தெரியும். 2021-இல் செய்த திருத்தத்தால், 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனையுள்ள இந்தக் குற்றங்கள், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குப் போய்விட்டன. "கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் புகாரை 77-வது பிரிவோடு மட்டும் நிறுத்தாதீர்கள். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. காலை எட்டரைக்குப் பள்ளிக்கு வந்த பையன் கையில் பாட்டில் இருந்தால், முதல் நாளே வாங்கி வைத்ததாக இல்லாவிட்டால், அது பிளாக்கில் விற்றது. பிளாக் விற்பனைக்கு மதுவிலக்குச் சட்டத்தில் போலீஸ் தினமும் வழக்குப் போடுகிறது, அதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. எந்த இடம், எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் மதுவிலக்குப் புகார் எண்ணான 10581-க்குப் போன் செய்யலாம்.

கடையிலேயே வாங்கினான் என்றால், 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. பள்ளிக்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது என்று மனு கொடுக்கிறவர்கள் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர், அதுவும் ஆள் நடந்து போகும் வழியில் அளப்பார்கள். சுவரை ஒட்டிக் கடை இருந்தும் வாசல் சுற்றி இருந்ததால் தள்ளுபடியான மனு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன். கடை வந்தபின் பள்ளி வந்திருந்தாலும் இந்த விதி உதவாது.

சரி, மேலே எங்கே போவது? தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கு என்றே ஒருவர் இருக்கிறார், அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு இடைநிலைக் கல்வி அலுவலர். மாற்றிப் போனால் ஒரு நாள் கூலி போகும். சி.பி.எஸ்.இ. என்றால் இரண்டு இடத்திலும் "எங்களுக்கு வராது" என்பார்கள், 8-ஆம் வகுப்புக்குள் என்றால் கல்வி உரிமைச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று சொல்லி மனுவை வைத்துவிட்டு வாருங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு எங்கே போகும் தெரியுமா? சுற்றிச் சுற்றி அதே தலைமையாசிரியரிடம். அவர் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில் மாற்றுச்சான்றிதழ் வழங்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவார், மனு முடித்துவைக்கப்பட்டது என்று உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அந்த வெள்ளைத்தாள் இல்லாவிட்டால் அவரால் அந்த ஒரு வரியை எழுத முடியாது.

ஏற்கெனவே டி.சி. வாங்கியாகிவிட்டதா? அப்படியானால் எமிஸைப் பாருங்கள், அதாவது பள்ளிக்கல்வித் துறை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாணவர் பதிவை. பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸில் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விடாமல் புதுப் பள்ளி ஏற்ற முடியாது. கையில் டி.சி. இருக்கும், கம்ப்யூட்டரில் பிள்ளை பழைய பள்ளியிலேயே இருப்பான், இரண்டு பள்ளிக்கும் நடுவில் மாதக்கணக்கில் அலைவீர்கள். 8-ஆம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது, அதற்கு மேலே அந்தப் பாதுகாப்பும் இல்லை. 10, 12 என்றால் பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். தவறினால் தனித்தேர்வர்தான், அதற்குத்தான் சில பள்ளிகள் காத்திருக்கின்றன.

"மறுவாழ்வு மையத்துல சேர்த்துச் சான்று கொண்டு வாங்க, உள்ள விடுறோம்" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அவசரப்பட்டு போஸ்டரில் பார்த்த இடத்தில் சேர்த்துவிடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, குடும்பத்தாரோ அவர்கள் நியமித்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும். 'யாரும் தங்க வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வாங்க' என்று சொல்லும் இடமாக இருந்தால் வாசலோடு திரும்பி வந்துவிடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ரெண்டு தரம் பீர் குடித்த பையனுக்கு அங்கே கிடைக்கும் ஆலோசனையே போதுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், தலைமையாசிரியர் சொல்ல வேண்டாம். பள்ளிக்கு, வகுப்புக்கு வரத் தகுதியாக இருக்கிறான் என்ற சான்று மட்டும் கொடுங்கள். மருத்துவச் சீட்டைக் கொடுத்துவிட்டால் அது ஆசிரியர் ஓய்வறை வரைக்கும் போகும்.

அந்த அறையில் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இதை எழுதுங்கள்: 'என் மகன் இதே பள்ளியில் தொடர்ந்து படிக்க விரும்புகிறோம். அரசு மருத்துவமனைக்கு ஆலோசனைக்கு அழைத்துச் செல்கிறோம். நடவடிக்கை எதுவானாலும் எழுத்தில் தரவும்.' நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள், போட மாட்டேன் என்றால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுநாள் காலை சீருடையோடு பிள்ளையை அனுப்பிவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் அவனாக வராத நாள் என்றுதான் ஏறும். வாசலில் நிறுத்தினால் மணியைக் குறித்துக்கொண்டு, அங்கேயே நின்று பள்ளிக்கல்வித் துறை உதவி எண்ணான 14417-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் குழந்தைகள் உதவி எண்ணான 1098.