குட்டி வாங்குவது மகன், சங்கிலி பிடிப்பது அம்மா

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நாய் வாங்குபவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். “அப்பாவும் அம்மாவும் தனியா இருக்காங்க டாக்டர், காவலுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கிக் கொடுக்கலாம்னு பாக்குறேன்” என்று கால்நடை மருத்துவரான எனக்குப் போன் வரும். நான் முதலில் கேட்பது, “அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு தம்பி?”

அந்த இனத்து ஆண் நாய் வளர்ந்துவிட்டால் 30 முதல் 40 கிலோ. லேப்ரடாரும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஒரு அம்மா எட்டு மாத லேப்ரடாரை ஊசிக்குக் கூட்டி வந்தார். இழுத்துக்கொண்டு ஓடிவிடுமோ என்ற பயத்தில் சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். வாசலில் ஆடு ஒன்று கத்தியது, நாய் பாய்ந்தது. கண்ணாடி வளையல் நொறுங்கிக் கையெல்லாம் ரத்தம். அந்த நாய் மேல் குற்றமே இல்லை, எட்டு மாதத்தில் லேப்ரடார் அப்படித்தான் இருக்கும். அந்த அம்மாவும் பாசமாகத்தான் வளர்த்தார். இருவருக்கும் பொருத்தம்தான் இல்லை.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது, இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த நாட்டு நாய். அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்: ஆளைக் கண்டால் குரைக்குமா, குழந்தை வந்தால் ஒதுங்குமா, சங்கிலியில் நிதானமாக நடக்குமா என்று நேரிலேயே பார்த்துவிடலாம். “வளர்ந்த நாய் பழகாதே” என்பார்கள். வேளாவேளைக்குச் சோறு வைப்பவரிடம் சில வாரங்களிலேயே ஒட்டிக்கொள்வதைத்தான் நான் பார்க்கிறேன். குட்டி என்றால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தீனி, ராத்திரி அழுகை, கண்ட இடத்தில் சிறுநீர், தவணை தவறாத தடுப்பூசி. எழுபது வயதில் இதெல்லாம் பெரிய பாரம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை கேட்பவர்களும் உண்டு. நம் வெயிலைத் தாங்கும் நல்ல நாய்கள். ஆனால் ஓட இடம் வேண்டும். வேலி போட்ட தென்னந்தோப்பு இருந்தால் தாராளமாக வளர்க்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீட்டில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் முரடாகிவிடும். அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தும், அப்புறம் ஊர்ச் சண்டைதான்.

குளிர்நாட்டு நாயான, அடர்ந்த முடி கொண்ட ஹஸ்கி வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். நாய் மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாவதால்தான் பெருமளவு உடம்பைக் குளிர்விக்கிறது. நம் பகுதியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. நாயின் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மே மாத மதியத்தில் அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான பக் நாய்க்கும் இதே கஷ்டம்தான்.

வயலோடு வீடு இருந்தால் எலிக்காய்ச்சலையும் மறக்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்தாலோ, அதில் இறங்கினாலோ நாய்க்கு வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றலாம். வருடா வருடம் போடும் ஊசியில் இதற்கான மருந்தும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017 விதி சொல்கிறது. “முப்பது நாள் குட்டி, உடனே எடுத்துக்கோங்க” என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகும்போது வளர்க்கப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். வளர்ந்த நாய் என்றால் சங்கிலியை அவர் கையில் கொடுத்து, தெருமுனை வரை நடக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சமாளிக்க முடியாத நாய் வீட்டில் இருக்கிறதா? தயவுசெய்து கொள்ளிடக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். என்ன சாப்பிடும், யாரைக் கண்டால் சீறும், யார் சொன்னால் கேட்கும் என்று எழுதி, ஊசி அட்டையோடு கொண்டு வாருங்கள். தோப்புக் காவலுக்கு நாய் தேடுகிறவர்கள் எங்களிடம் வந்து விசாரிப்பதுண்டு, அவர்களில் பொருத்தமானவரைப் பார்த்துச் சேர்த்துவிடலாம்.